புயல் பாதுகாப்பு மையத்தை தீசிஸாக எடுத்தவர்களுக்கு

கட்டடக்கலைக் கல்லூரிகளில் இறுதித் திட்டமான தீசிஸுக்கு இந்தத் தலைப்பை யாராவது எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நாகப்பட்டினமோ வேதாரண்யமோ கடலூரோ, ஏதாவது ஒரு மீனவ கிராமம், அதில் 500 பேர் தங்கும் புயல் பாதுகாப்பு மையம். மதிப்பிடும் ஜூரிக்கு வரும் வரைபட ஷீட்டில் அலைபோல் வளைந்த கூரை இருக்கும், சங்கு மாதிரி ஒரு பிளான் இருக்கும். பறவைப் பார்வைப் படத்தில் வானம் கறுத்திருக்கும். கட்டடத்தை வெட்டிக் காட்டும் செக்ஷனைத் தேடினால் 1:200-ல் ஒன்று மட்டும் இருக்கும். கூரை சுவரோடு எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று அதில் தெரியாது. இந்த வகைக் கட்டடத்தில் பார்க்க வேண்டியதே அதுதான்.

காற்றிலிருந்து தொடங்கலாம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. இது எல்லோருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது கே4 என்ற முக்கியத்துவக் காரணியை. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் சாதாரண வீட்டுக்கு அது 1.0. புயலுக்குப் பிறகும் வேலை செய்தாக வேண்டிய கட்டடங்களுக்கு (பாதுகாப்பு மையம், மருத்துவமனை, பள்ளி) 1.3. வேகம்தானே 30 சதவீதம் கூடுகிறது என்று தோன்றும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மற்ற காரணிகளை 1 என்று வைத்துக்கொண்டு, அழுத்தச் சூத்திரத்தில் வரும் 0.6-ஐ 50-ன் வர்க்கத்தால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். 65-ன் வர்க்கத்தால் பெருக்கினால் 2,535. கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதல். ஸ்ட்ரக்சர் கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வார் என்று இதை விட்டுவிட முடியாது. ஜன்னல் அளவும் தாவாரத்தின் நீட்டமும் இந்த எண்ணில்தான் முடிவாகின்றன.

காற்று சுவரைத் தள்ளும் என்றுதான் எல்லோரும் படம் போடுகிறார்கள். கூரைக்கு வரும் ஆபத்து உறிஞ்சலில். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள ஒரு தகர ஷீட் கூரையின் மூலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி உறிஞ்சல் கெழு 1.4, உள் அழுத்தம் 0.2, சேர்த்து 1.6. அதை மேலே வந்த 2,535-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன், மூன்று சதுர மீட்டருக்கு 12. அதாவது 15 கிலோகூட எடையில்லாத ஷீட்டை 1,200 கிலோ மேலே இழுக்கிறது. ஷீட்டைப் பிடிக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட் எட்டு போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோ. ஜே போல்ட் அறுந்துபோவது குறைவு. அதன் கொக்கி, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினிலிருந்து நிமிர்ந்து கழன்றுவிடும், அல்லது வாஷர் ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் யூ போல்ட் போடுங்கள், அல்லது அகல வாஷரோடு செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ. விளிம்பிலும் மூலையிலும் நடுக்கூரையைவிட நெருக்கமாக. இந்த இரண்டு இடைவெளிகளையும் வரைபடத்தில் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஃபேப்ரிகேட்டர் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இனி ஒரு ஜன்னல் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்புகள் குறைவாக இருந்தவரை 0.2 என்று எடுத்த உள் அழுத்தக் கெழு, பெரிய திறப்பு விழுந்ததும் 0.7 ஆகிறது. அதே ஷீட்டின் மேல் இழுவை 1,600 கிலோவைத் தொடுகிறது. கண்ணாடி உடைந்த இரண்டொரு நிமிடத்தில் கூரை போய்விட்டது என்று ஊரில் சொல்வார்களே, அதன் கணக்கு இதுதான். எனவே புயல் பாதுகாப்பு மையத்தில் ஜன்னல் என்றால் ஷட்டரும் சேர்ந்ததுதான். அந்த ஷட்டரை உள்ளிருந்தே இழுத்துச் சாத்த முடிய வேண்டும். ஏணி வைத்து வெளியிலிருந்து மாட்டும் ஷட்டரை நவம்பர் நள்ளிரவில் யார் மாட்டப்போகிறார்கள்?

ஷட்டரை எந்தப் பக்கம் போடுவது என்பதில் ஒரு வழக்கமான பிழை. கடல் கிழக்கே, ஆகவே கிழக்குச் சுவரைக் கெட்டியாக்கி, மேற்கைத் துளைகளுள்ள ஜாலிச் சுவராகத் திறந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது. கண் நேரே ஊரைக் கடந்தால், அதற்கு முன் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கண் வந்ததும் அடங்கும். பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் காற்றில் தளர்ந்ததை இரண்டாவது காற்று எடுத்துக்கொண்டு போகும். நான்கு பக்கமும் ஷட்டர் வேண்டும். வாசலும் எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு வேண்டும்.

தகர ஷீட்டே வேண்டாம், ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) தளம் போட்டுவிடலாம் என்பது சரியான முடிவுதான். 120 மில்லிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை, நடுக்கூரையில் அது போதும். ஆனால் கைப்பிடிச்சுவரைப் பாருங்கள். வெறும் செங்கல்லில் 1 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய சுவர் காற்றில் உள்ளேயோ வெளியேயோ சாயும். கீழே வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். தளத்திலிருந்தே கம்பி எடுத்துக் கான்கிரீட்டில் வார்த்துவிடுவது நல்லது. மொட்டைமாடித் தொட்டிக்கும் இதே கதை. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் ஓர் ஆள் தூக்கும் எடை. பட்டை போட்டுக் கட்டாவிட்டால் பறக்கும்.

கடலோரக் கான்கிரீட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது, ஏனென்றால் புயல் வருவதற்கு முன்பே இந்தக் கட்டடங்களைத் தின்றுவிடுவது உப்பு. கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்துகிறது: கான்கிரீட்டின் வலுத் தரம் குறைந்தது எம் 30, நீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர். கடல்நீர்த் தெறிப்பு நேரே படும் இடத்தில் எம் 35, 50 மில்லிமீட்டர். கட்டுமிடத்தில் நடப்பது வேறு. கம்பியை அந்த உயரத்தில் நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் சொருகுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது யாராவது கம்பிமேல் மிதித்தால் ஜல்லி நகர்ந்துவிடும். கம்பி சென்ட்ரிங் பலகையில் உட்கார்ந்துகொள்ளும். சில ஆண்டுகளில் தளத்தின் அடியில் கம்பி போன வழியெல்லாம் கோடுகோடாகப் பழுப்பு நிறம் தெரியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் பொருக்குப் பொருக்காகப் பெயரும். எந்தக் கடலோர ஊரிலும் பழைய அரசுக் கட்டடத்தின் சன்ஷேட்டை அண்ணாந்து பார்த்தால் இது தெரியும். கவர் பிளாக்கை 1:5-ல் வரைந்து, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்று ஷீட்டில் எழுதுங்கள். ஜூரியில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். கடல்நீர் ஏறும் இடத்தில் கீழ்த்தளத்தைத் தூண்களாக விட்டு, மக்கள் மேல்தளத்தில் தங்குவது பழகிய முறை. எவ்வளவு உயரம்? மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கும் அலையேற்ற மதிப்பை எடுங்கள். ஊரில் முந்தைய வெள்ளம் எந்தச் சுவரில் எதுவரை நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு லெவல் எடுங்கள். இரண்டில் அதிகமானதை வைத்து, அதற்கு மேல் மார்ஜினும் விடுங்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகள் தரைமேல் ஏறிக் கிடந்தன. அந்த மாதிரி ஒரு படகு மிதந்து வந்து மோதும் என்று வைத்துத்தான் வெளிவரிசைத் தூண்களைக் கணக்கிட வேண்டும்.

தரைக்கும் மேல்தளத்துக்கும் 2.5 மீட்டர் வித்தியாசம் என்றால் சாய்தளம் 1:12-ல் 30 மீட்டர் நீளும். 9 மீட்டருக்கு ஒரு முறை 1.5 மீட்டர் ஓய்வுத்தளம், மூன்று வேண்டும். மொத்தம் 34.5 மீட்டர். மாணவர் ஷீட்டுகளில் இதற்கு 8 மீட்டர் நீளத்தில் ஒரு அம்புக்குறிதான் பார்க்கக் கிடைக்கிறது. அதில் சக்கரநாற்காலி மட்டுமா ஏறாது, நனைந்த கான்கிரீட்டில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் வழுக்குவார். சாய்தளத்தைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. பிளானே அதைச் சுற்றித்தான் வர வேண்டும்.

500 பேருக்கு எவ்வளவு இடம்? நெடுநாள் முகாமுக்கு, பேரிடர் உதவிக்கான சர்வதேச ஸ்ஃபியர் வழிகாட்டி ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கேட்கிறது. அப்படியானால் 1,750 சதுர மீட்டர். புயல் இரவுக்கு அவ்வளவு கிடைக்காது. எண்ணை விட்டுவிட்டுப் பிளானில் பாய் விரித்துப் பாருங்கள். ஒரு பாய் 6 அடிக்கு 3 அடி, ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர். 6-க்கு 8 மீட்டர் வகுப்பறையில் நடைவழி விட்டு 24 பாய் விரிக்கலாம். ஆளுக்கொரு பாய் என்றால் 500 பேருக்கு 21 வகுப்பறை. குழந்தைகள் அம்மாவோடு படுப்பார்கள், சிலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள், ஆகவே கொஞ்சம் குறையும். ஆனாலும் 'ஹால், கொள்ளளவு 500' என்று ஒரு செவ்வகத்தில் எழுதியிருந்தது பொய் என்று அப்போதே தெரிந்துவிடும்.

கழிப்பறை ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று. பத்தில் ஏழோ எட்டோ பெண்களுக்கு, அதுவும் ஆண்கள் கூடும் இடத்தைக் கடக்காமல் போகும் வழியில். வங்கதேசத்தில் பெண்கள் மையங்களுக்கு வரத் தயங்கியதற்குத் தனிக் கழிப்பறை இல்லாதது ஒரு காரணம். ஆடுமாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாதது இன்னொன்று. அங்கே கால்நடைக்காக 'கில்லா' என்ற மண்மேடுகளை எழுப்பினார்கள். நம் தீசிஸ்களில் ஆட்டுக்கு ஒரு சதுர அடிகூட ஒதுக்கியவரைக் காண்பது அரிது. கீழே செப்டிக் டேங்க் வெள்ளத்தில் மூழ்கினால் அந்தத் தண்ணீர் மேல்தளப் பீங்கான் வழியே திரும்பி வர முயலும். காற்றுப்புகாத மூடி, திரும்பிவராத வால்வு, வெள்ளமட்டத்துக்கு மேல் வென்ட் குழாய், மூன்றும் வேண்டும். ஜெனரேட்டரும் மெயின் போர்டும் மேல்தளத்தில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் பல கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கானது.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர், மூன்று நாள், 500 பேர்: 22,500 லிட்டர், அதாவது 22.5 டன் எடை. இது ஸ்ட்ரக்சருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். 400 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒன்று வீணானாலும் 32,000 லிட்டர். தொட்டியை நிரப்ப அந்த மழையே போதும். ஆரம்ப மழையில் கடல் உப்பு இருக்கும், அதை வெளியே விடும் குழாய் வால்வு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வளாகத்தின் திறந்தவெளியில் எல்லோரும் நான்கு வட்டம் போட்டு 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதுகிறார்கள். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 405 கன மீட்டர். ஓடிவருவது அதில் 60 சதவீதம் என்றாலும் 243. ஒரு மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழ உறைகிணறு பிடிப்பது 2.36 கன மீட்டர். நூறு கிணறு தோண்டுவீர்களா? அதுவும் டெல்டாக் களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் காலுக்கடியில் நிற்கும்போது, உறிஞ்ச இடமேது. தண்ணீரை மேலேயே நிறுத்த வேண்டும். 40-க்கு 25 மீட்டர் விளையாட்டுத் திடலை 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 300 கன மீட்டர் கிடைத்துவிட்டது. கரையை 1:4 சரிவில் விட்டால் பையன்கள் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார்கள்.

இதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், திறந்துவிடும் மதகு, மிகுதியை வழியவிடும் கலிங்கு மூன்றும் ஏரியில் என்ன செய்கின்றனவோ அதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். வரும் வழியில் வண்டல் தொட்டி, நிறைந்தால் வழிய ஒரு கலிங்கு, அடியில் ஒரு மதகு. கொசு வராமலிருக்க இரண்டு நாளுக்குள் திடல் காய வேண்டும், மதகுக் குழாயின் விட்டத்தை அதற்காகக் கணக்கிடுங்கள். கடைமடையில் கடல் ஏற்றத்தின்போது வடிகாலே எதிர்த்து வரும், ஆகவே வெளிமுனையில் தானாக மூடும் ஒரு மடல் கதவு போடுங்கள். கட்டடத்துக்கு அருகில் தென்னை வேண்டாம், எந்த மரமானாலும் அதன் முழு உயரத்துக்கு மேல் தள்ளி நடுங்கள். கஜாவில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது.

கடைசியாக, வருடத்தில் மற்ற 362 நாள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஷட்டர் துருப்பிடிக்கும், மோட்டார் இறுகும், வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளியாகவோ கல்யாண மண்டபமாகவோ ஓடினால் இதெல்லாம் தினமும் கைபடும். கீழ்த்தளத் தூண்களுக்கிடையே வலை பின்னுவார்கள், கருவாடு காயவைப்பார்கள். ஆனால் நிழலான இடம் காலியாக இருந்தால் நாளடைவில் யாராவது செங்கல் வைத்து அடைத்து ரேஷன் கடையோ குடோனோ ஆக்கிவிடுவார்கள். அடைத்தால் அலை கடந்து போக வழியில்லை, முழு விசையும் அந்தச் சுவர் வழியாகத் தூணில் இறங்கும். அடைக்கத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எந்த இரண்டு பகுதியை அடைக்கலாம் என்று நீங்களே வரைந்து கொடுங்கள். அதையும் அலைக்குப் பக்கவாட்டில், தூணோடு கட்டாத, தண்ணீர் தள்ளினால் தனியே விழும் சுவராக. பிறகு சாவி. தலைமையாசிரியர் பக்கத்து ஊரில் குடியிருந்தால் இரவு 11 மணிக்கு யார் திறப்பது? மேல்தளக் கதவுக்கு மூன்று சாவி, மூன்று வெவ்வேறு வீட்டில். அந்த மூன்று வீட்டையும் சைட் பிளானில் காட்டுங்கள்.