பாக்கி மாத்திரை சொல்லும் சேதி

30 நாளுக்கான பிரஷர் மாத்திரையை வாங்கியவர் 45-ஆம் நாள் திரும்பி வந்தால், மூன்று நாளுக்கு ஒரு மாத்திரை விட்டுப்போயிருக்கிறது. மருந்தாளுநர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், உண்மை வரும். பலர் நிறுத்துவது பக்கவிளைவால்: பிரஷர் மாத்திரைகளில் ஆம்லோடிபின் என்றால் கால் வீக்கம், எனலாப்ரில் என்றால் வறட்டு இருமல். இரண்டுக்குமே மாற்று மருந்து உண்டு. மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தனுப்பினால் போதும்.

கூடவே மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்குகிறாரா? அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பிரஷர் அளக்கும்முன் 5 நிமிடம் உட்கார வையுங்கள். கையில் சுற்றும் பட்டை சட்டைமேல் வேண்டாம், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.