பெயர் பொறிக்காத ஸ்பிரிங்ஃபீல்டு: இதுவரை தெரிந்தவை

ஒஹையோவில் நடந்த ஒரு பண்ணைவீட்டு ஏலத்தில் நான் வாங்கிய ரைஃபிள், 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியை யாரோ ஒரு கைதேர்ந்தவர் வேட்டைக்கு ஏற்றபடி இழைத்து மாற்றியது. துப்பாக்கியைத் தாங்கும் வால்நட் மரக் கட்டையில் அத்தனை வேலைப்பாடு இருந்தும் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

முதலில் வரிசை எண்ணைப் பார்த்தேன். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுடன் வந்த ரிசீவர்களை (குழல் பொருந்தும், சுடும் பொறி இயங்கும் நடு இரும்புப் பகுதி), பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிட்டே பதப்படுத்தினார்கள் என்பதால், அவற்றுள் சில நொறுங்கிப்போகும் அபாயம் உண்டு. என்னுடையது 12 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழல் முனைக்கு அருகே ஆயுதச்சாலை முத்திரையும் 4-21 என்ற மாத, ஆண்டுக் குறியும் இருந்தன. ஆனால் அது ராணுவக் குழல் உருவான காலமே. மாற்றிய வேலை அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

1923-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ, பிலடெல்பியாவின் செட்ஜ்லி ஆகிய துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் வழக்கமாகக் குழலிலேயே பெயர் பொறித்தவர்கள் என்பதால் அவர்களை ஒதுக்கினேன். கட்டையின் பின்முனையில் இருந்த, கட்டம் கீறிய எஃகுத் தகட்டைப் பார்த்ததும் மிச்சிகனின் நீட்னர் பட்டறை வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அது அவசரம். நீட்னர் தகடுகளை மற்ற பட்டறைக்காரர்களும் வாங்கிப் பொருத்தினார்கள். எனவே தகட்டை மட்டும் வைத்துப் பட்டறையைச் சொல்ல முடியாது.

ஆகவே மரத்தின் பக்கம் திரும்பினேன். பிடியில் கீறிய வைர வடிவக் கட்டங்களைப் பூதக்கண்ணாடியும் அளவுகோலும் வைத்து எண்ணியபோது அங்குலத்துக்கு 24 கோடுகள் வந்தன. இரு பக்கமும் அதே கணக்கு, ஓரக்கோட்டைத் தாண்டி ஒரு கீறல்கூட ஓடவில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை மறுபடியும் உறுதிசெய்துகொண்டு, திருகுகளின் தலை சிதையாதபடி அளவான முனையுள்ள திருப்புளியால் கட்டையைக் கழற்றினேன். குழல் படியும் பள்ளத்தில் உளியின் தடம் தெரியவில்லை; இரும்பும் மரமும் எங்கே தொடுகின்றன என்று பார்க்கத் தடவிய கறுப்பு மை மட்டும் சில இடங்களில் மெல்லிய படலமாக மிஞ்சியிருந்தது. அங்கே பென்சிலால் 31 என்று எழுதியிருந்தது. குழலின் அடியிலும் பின்தகட்டின் உட்புறத்திலும் அதே 31 சிறு அச்சாகக் குத்தப்பட்டிருந்தது.

அது ஆண்டா, பட்டறையின் வேலை எண்ணா என்பதை இப்போதே சொல்லத் துணியமாட்டேன். ஆனால் குழல், கட்டை, தகடு மூன்றும் ஒரே பட்டறையில் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டவை என்பதை இனி நம்பிச் சொல்லலாம். பின்னாளில் யாரோ தகட்டை மட்டும் மாற்றியிருப்பார்களோ என்ற என் சந்தேகம் நீங்கியது. பிடியின் கீறல் முடியும் முனைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டேன். பெயர் பொறித்த பழைய ரைஃபிள்களின் கீறலோடு அவற்றை ஒப்பிடுவதே அடுத்த வேலை.