வடக்கன்குளத்தில் எந்தப் பக்கம் உட்காருவது?

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. அங்கே ஒரு மாலையை வைத்துவிட்டு, அவர் உயிர்விட்ட காற்றாடிமலைக்கும், அங்கிருந்து அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்கும் போவதாகத் திட்டம். சும்மா புறப்படவில்லை. அக்கா மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது, அதற்கான வேண்டுதல்.

தேவசகாயத்தின் கதை தென்பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 1712இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. 1741இல் குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே படைப்பணியில் சேர்ந்த டச்சுப் படைத் தளபதி டிலனாய், மனம் நொந்திருந்த இவருக்கு, துன்பத்திலும் நம்பிக்கை இழக்காத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று ஞானஸ்நானம். நான்கு வருடங்களில் கைது. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்பார்கள். 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது எருமை வரும் இடத்தில் கண்ணீர் விடுவாள். ஆனால் அவள் குரல் உயர்வது வேறோர் இடத்தில்: "எப்பேர்ப்பட்ட குடும்பத்துப் பிள்ளை தெரியுமா!" பின்னாளில் கேட்ட பிரசங்கங்களிலும் அந்த வரிக்கு அதே அழுத்தம்தான். எளிய மக்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைவிட, சாப்பிட்டவர் எந்த வீட்டுக்காரர் என்பதில் எங்களுக்கு அப்படியொரு பெருமிதம். அதே மலையில் அதே குண்டுகளுக்கு ஒரு பனையேறி இரையாகியிருந்தால், ஆச்சி இவ்வளவு உருகியிருப்பாளா? நான்? 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தபோது, பெயரிலிருந்து சாதிப் பட்டத்தை நீக்கியே அறிவித்தார்கள். அது சரிதான் என்று நண்பர்களிடம் பேசினேன். உள்ளுக்குள் எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்ததை யாரிடமும் பேசவில்லை.

நாங்கள் என்ன சாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப்பேர் மேற்கொண்டு படிக்கும் விதமே மாறிவிடும்.

காற்றாடிமலை இருக்கும் ஆரல்வாய்மொழியில் இறங்கினால் காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்காகத்தான் இத்தனை காற்றாலைகள். மலையில் பாறைகளுக்கு நடுவே சிறு கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. வயதான அம்மா ஒருவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். மகனுக்குச் சிறுநீரகக் கோளாறாம். வாரம் இருமுறை டயாலிசிஸ். அவர் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் அம்மா?" ஊரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர்தான். "அதில் எந்தத் தெரு?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தெருவின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "தெரிந்துகொண்டீர்களா தம்பி? இந்தாருங்கள்" என்று தூக்குவாளியைத் திறந்து இரண்டு அதிரசங்களை எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. மகனின் பெயரைக் கேட்டு அவனுக்காகவும் ஜெபிப்பதாகச் சொன்னேன். தெருவைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டிருக்கலாம்.

மதியத்துக்கு மேல் வடக்கன்குளம். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் கணவரின் மரணத்துக்குப் பிறகு தஞ்சம் புகுந்த ஊர் இது. அவர் கல்லறையும் இங்கேதான். இன்னொரு வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. அதைத் திருத்தலக் கையேடுகள் அவ்வளவு விரும்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கோவிலை இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று; ஆனால் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு மறுபக்கம், நடுவே தடுப்பு. கால்சட்டைக் கோவில் என்றே பெயர். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பை இடித்தபோது ஊரே கொதித்தது. தனியிடம் தங்கள் உரிமை என்று ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சாதி பாராமல் பழகிய மனிதர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, ஒரே அப்பத்தை உண்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கச் சுவர்!

பைபிளில் யாக்கோபு தம் திருமுகத்தில் இதைப் பற்றித்தான் எழுதுகிறார். பொன் மோதிரம் அணிந்தவர் தொழுகைக்கூடத்துக்குள் வந்தால் நல்ல இடம் காட்டுகிறீர்கள். அழுக்குத் துணியோடு வந்த ஏழையை அங்கே நில் என்கிறீர்கள், இல்லை கால்மாட்டில் உட்காரச் சொல்கிறீர்கள். இரண்டாம் அதிகாரம். பலமுறை வாசகம் வாசித்திருக்கிறேன், அதுவும் நல்ல உச்சரிப்போடு.

கோவிலுக்குள் உட்கார இடம் தேடியபோது மனம் ஒரு கணக்குப் போட்டது: அந்தக் காலத்தில் நாங்கள் வந்திருந்தால் எந்தப் பக்கம்? அந்தச் சுவரை இடித்து நூறு வருடங்களுக்கு மேலாகியும், எனக்குள் யாரும் அதன்மேல் கடப்பாரை போடவில்லை. கடைசி வரிசையில் முழந்தாளிட்டேன். வேண்டுதலைச் சொல்லத் தொடங்கினால், காலையிலிருந்து கோட்டாறிலும் மலையிலும் சொல்லிவந்த அதே வாக்கியம்: "நம் ஆட்களில் ஒரு நல்ல பையனாக அமைய வேண்டும்." பாதியில் நின்றது. இந்தப் புனிதரிடமா இதைக் கேட்டுக்கொண்டு திரிகிறேன்? முதல் இரண்டு சொற்களை விட்டுவிட்டு மறுபடியும் கேட்டேன். வாயால் விட்டுவிடலாம், மனதால் விட அவருடைய உதவி வேண்டும் என்றும் கேட்டேன். அதோடு அந்த அம்மாவின் மகனையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தேன்.

நாளிதழுக்கு அனுப்ப அக்கா எழுதித் தந்த மணமகன் தேவை விளம்பரம் சட்டைப் பையில் இருந்தது. ஆர்.சி. என்பதை அடுத்துச் சாதி, அதற்கடுத்து உட்பிரிவு, அப்புறம்தான் பெண்ணின் படிப்பு. பேருந்து நிறுத்தத்தில் நின்று அக்காவை அழைத்து, அந்த இரண்டையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"மலையில் வெயிலா?" என்றாள்.

"இல்லை, நல்ல காற்று."

"அவளைக் கேட்டாயா?"

"அவள்தான் போன வருடமே சொன்னாளே."

அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அத்தானிடம் யார் சொல்வது?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன்.