கட்சிக் கிளையில் தொண்டூழியம்: உள்ளே என்ன வேலை நடக்கிறது?

சிங்கப்பூரில் கட்சி வேலைக்கு வர மேடையில் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் (எம்பி) குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும் 'மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி' எந்தக் கிழமை, எந்த புளோக்கில் நடக்கிறது என்று விசாரித்துவிட்டு, அன்று இரவு நேரில் போய் "உதவிக்கு ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் இல்லாத கட்சி என்றால் இந்த நிகழ்ச்சி பெரும்பாலும் இருக்காது. அங்கே வீடு வீடாகப் போவதிலிருந்துதான் தொடக்கம்.

அரசாங்கத்தின் மக்கள் கழகத்தின் கீழ் உள்ள குடியிருப்பாளர் கட்டமைப்பு போன்ற அடித்தள அமைப்புகள் வேறு, கட்சிக் கிளை வேறு. இரண்டிலும் ஒரே முகங்களைப் பார்க்க நேரலாம். அதனால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். அடித்தள அமைப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்சித் துண்டறிக்கை கொடுக்கக்கூடாது.

மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி 1955ல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த பழக்கம். வருகிறவர் வரிசை எண் வாங்கி, அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்வார். பிறகு தொண்டூழியர் ஒருவர் விவரம் கேட்டு, உரிய அரசாங்க அமைப்புக்குக் கடிதத்தை எழுதுவார். எம்பி வந்தவரைப் பார்த்துப் பேசிக் கையெழுத்திடுவார். இதில் எல்லாமே கடிதம் எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். யாருக்கு, என்ன கேட்கிறோம், முன்பு எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற நான்கும் வந்தாக வேண்டும். கடைசி இரண்டும் விட்டுப்போனால் அமைப்பு பழைய பதிலையே திருப்பி அனுப்பும். அதனால் "முன்பு ஏதாவது கடிதம் வந்ததா, அண்ணே?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். நிராகரித்த கடிதத்தை வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள் நிறைய. கைப்பேசியில் படமாவது இருக்கும்.

அடுத்த சிக்கல், தவறான இடத்துக்கு எழுதுவது. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, துப்புரவு எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது நகர மன்ற வேலையல்ல. மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியது, அதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உதவும். மேல்வீட்டார் கதவைத் திறக்க மறுப்பதுதான் உண்மையான பிரச்சினை என்றால் கடிதத்தில் அதையே எழுதுங்கள். "கூரை ஒழுகுகிறது" என்று மட்டும் எழுதினால் இரண்டு மாதம் வீண். பண உதவிக்குச் சமூக சேவை அலுவலகம். இந்தியாவிலிருந்து வந்த மனைவியின் நீண்டகால வருகை அனுமதிக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். நம்மவர்களிடம் இந்தக் கோரிக்கை அடிக்கடி வரும். வருமானச் சான்று, திருமணச் சான்றிதழ், முன்பு வந்த நிராகரிப்பு மூன்றும் கையில் இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு மறுவாரம் வரச் சொல்வது நல்லது.

தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால், அனுப்புமுன் அவரிடம் தமிழில் முழுவதையும் சொல்லிக்காட்டுங்கள். தேதியோ தொகையோ தவறியிருந்தால் அங்கேயே பிடிபடும். வாக்குறுதி மட்டும் வேண்டாம். "எம்பி எழுதினால் கிடைத்துவிடும்" என்று ஒரு தொண்டூழியர் சொல்லிவிட்டால், கிடைக்காதபோது அந்தக் குடும்பத்துக்கு இரட்டை அடி. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில் தலையிடச் சொல்லி வருபவர்களைச் சட்ட உதவி பக்கம் அனுப்புங்கள்.

வீடு வீடாகப் போகும்போது மின்தூக்கியில் உச்சிமாடிக்குப் போய்ப் படி வழியாக இறங்கி வருவதுதான் முறை. அணியில் சீனம், மலாய், தமிழ் பேச மொழிக்கு ஒருவர் இருக்க வேண்டும். மணியை ஒருமுறை அடித்துவிட்டு இரும்புக் கதவிலிருந்து ஓரடி தள்ளி நில்லுங்கள். சொன்ன குறையை வீட்டு எண்ணோடு அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பத்து மாடி இறங்கியபின் நினைவிருக்காது.

அங்கே மூத்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "வாக்குச் சீட்டில் எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடாதா?" இதைக் கட்சி பார்க்காமல் தெளிவுபடுத்துவது நம் கடமை. அந்த எண் கள்ளச் சீட்டைத் தடுப்பதற்கு. எண்ணி முடித்ததும் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் 6 மாதம் இருந்துவிட்டு அழிக்கப்படுகின்றன.

தேர்தல் வந்தால் முகவர் வேலை, அதாவது வேட்பாளர் சார்பில் வாக்களிப்பையும் எண்ணுவதையும் கவனிப்பது. 2025 மே 3 தேர்தலில் வாக்களிப்பு காலை 8 முதல் இரவு 8 வரை. முகவர் அதற்கு முன்பே போய், காலிப் பெட்டியைக் காட்டி முத்திரையிடுவதைப் பார்க்க வேண்டும். கட்சிச் சின்னம் போட்ட சட்டை கூடாது. எண்ணும் நிலையத்தில் ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்துக்கும் 100 சீட்டு எடுத்து மாதிரி எண்ணிக்கை நடக்கும். அது இறுதி முடிவைவிட 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடலாம், குறையலாம். ஆகவே அதைக் கேட்டுவிட்டு மேசையை விட்டு நகராதீர்கள். சந்தேகச் சீட்டு ஒவ்வொன்றையும் பாருங்கள். அடையாளம் எப்படி இருந்தாலும் வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் செல்லும், அவர் யாரென்று காட்டும் குறி இருந்தால் செல்லாது. 2011ல் பொத்தோங் பாசிர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 114 வாக்குதான்.

அடுத்த நாள் எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள், ஆனால் தேர்தல் செலவு ரசீதுகளை அதற்குள் ஒருவர் வாங்கி வைத்திருக்க வேண்டும். 2025ல் தேர்தல் செலவு வரம்பு வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி. செலவுக் கணக்கை முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தொண்டூழியர் தன் கைக்காசில் அச்சடித்த துண்டறிக்கையும் அந்தக் கணக்கில் சேரும்.