லாலாங் தீயும் கோப்பி-ஓ நிறமும்

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் லாலாங் புல் பற்றிக்கொண்டால், அணைக்கப் போகிறவர்கள் மணிக்கணக்கில் காற்று சிலிண்டர் சுமக்க முடியாது. என்95 முகக்கவசம் புகைத்துகளைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவே வேண்டாம்: அந்த வாயு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் ஆக்சிஜன் அளவு 98 சதவீதம் என்று காட்டலாம்.

அந்த வாயு தரும் தலைவலியைவிட நான் பயப்படுவது சிறுநீரின் நிறத்துக்கு. கோப்பி-ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) மாதிரி கறுத்து, தொடையும் தோளும் கடுமையாக வலித்தால் அது வெறும் நீர்வறட்சி இல்லை. வெக்கையிலும் உழைப்பிலும் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். டாக்டரிடம் ‘உடம்பு வலி’ என்றால் பனடோல் வலி மாத்திரைதான் கிடைக்கும். எத்தனை மணி நேரம் வெயிலில், புகையில் நின்றீர்கள் என்று சொல்லி, ரத்தத்தில் சி.கே. (தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நொதி) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சோதனை சரியாக இருந்தாலும் மறுநாள் இன்னொன்று தேவைப்படலாம். அளவு ஏற நேரமாகும்.

கரி படிந்த சட்டை? வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.