எழுப்பி அனுப்பிய நாற்காலி

"சார், என் வீட்டுக்காரரை நீங்க 'பிரசிடெண்ட் சார்'னு கூப்பிடுறீங்க. என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

தெருவிளக்குப் பட்டியலைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டே இருந்த ஊராட்சித் தலைவர் அம்மா ஒருவர் நடுவில் இதைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. "தலைவரம்மான்னுதான்" என்று சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அழைப்பு வந்தது சேமிக்காத எண்ணிலிருந்து. ஊர்ப் பெயரோடு 'பிரசிடெண்ட்' என்று என் போனில் இருந்தது அவருடைய வீட்டுக்காரர் எண். அந்த அம்மா ஜெயித்து வந்தது 2019 டிசம்பர் தேர்தலில். அவர் கேட்டது 2022 அக்டோபரில். கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஒரு தலைவரின் எண்ணே இல்லாமல் அதிகாரியாக நான் வேலை பார்த்திருக்கிறேன், எந்த வேலையும் நிற்கவில்லை. அதுதான் உறுத்தியது.

நவம்பர் 1 உள்ளாட்சி தின கிராம சபைக்கு முந்தைய வாரம் தலைவர்கள் கூட்டம். அரங்கில் வழக்கம்போல முன்வரிசை முழுக்க வெள்ளை வேட்டி சட்டை. பெண் தலைவர்கள் பின்வரிசையில், சுவர் ஓரமாக. இந்த அம்மா வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு எப்போதும் இருக்கும். எந்த போஸ்ட்டில் விளக்கு எரியவில்லை, எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று தேதி போட்டுக் குறித்திருப்பார். எழுத்துக் கூட்டி எழுதிய கையெழுத்து, ஆனால் ஒரு அடித்தல் இருக்காது. எங்கள் அலுவலகப் பதிவேடு எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மைக்கைப் பிடித்து நான் சொன்னேன்: "தலைவர் யாரோ அவங்க மட்டும் முன்னாடி உக்காருங்க. மத்தவங்க வெளியே இருங்க." யாரும் அசையவில்லை. அப்போது அந்த அம்மாவின் வீட்டுக்காரரைப் பார்த்து, பெயர் சொல்லி, "உங்களைத்தான், எந்திரிங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். நாற்காலி காலியாக இருந்தது. அந்த அம்மா முன்னால் வந்து உட்காரவில்லை.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "அவரை வெளியே அனுப்புனது நீங்க சார். வீட்டுக்குப் போறது நான்." அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

நான் செய்ததில் விதிப்படி தப்பே இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் மாநிலத்தில் 2016-இலேயே உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் ஆகிவிட்டது. மனைவி தலைவராக இருக்க புருஷன் அதிகாரம் பண்ணும் இந்த வழக்கத்துக்கு வடக்கே 'சர்பஞ்ச் பதி', அதாவது ஊராட்சித் தலைவரின் புருஷன், என்று பெயரே உண்டு. அதை ஆராய மத்திய அமைச்சகம் 2023-இல் குழு போட்டது. அதுமட்டுமல்ல, 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் ஒருவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்ததிலிருந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதில் எங்களில் பலருக்கு ஒரு பதற்றம் உண்டு. நாற்காலி சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன். இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் முன்வரிசையில் அன்று வேறு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் ஒப்பந்தக்காரர், மேலே வரைக்கும் பேசக்கூடியவர். அவர்கள் பக்கம் என் கண் போகவே இல்லை. நான் எழுப்பியது டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவரை. கட்சிப் பதவி கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அவரை எழுப்பினால் எனக்கு ஒரு சேதமும் வராது என்று அந்த நொடியில் என் மனசுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அப்புறம் அந்தக் குரல். நூறு பேர் நடுவில் ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையை அடக்குகிற குரல். அதை நான் எங்கே கற்றேன் என்று யோசித்தால், இருபது வருஷமாகப் பார்த்த தலைவர்களிடம்தான். மேஜையைத் தட்டினால் நிர்வாகத் திறமை, அதிகாரியை நிற்க வைத்துப் பேசினால் ஆளுமை. இந்திரா காந்தியைப் புகழ வேண்டும் என்றாலும் அமைச்சரவையிலேயே ஒரே ஆண் அவர்தான் என்று சொன்ன நாடு இது. நோட்டில் போஸ்ட் நம்பர் எழுதிவைக்கிறவரை யாரும் ஆளுமை என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. அவருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் தலைக்கு மேலேயே இரண்டு ஆம்பளைகளின் கணக்கைத் தீர்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் கேட்கிறார்: அப்போ அந்த ஆளை அப்படியே உட்கார விட்டிருக்கணுமா? இல்லை. அதுவும் இல்லை. முந்தின நாளே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு எப்படி செய்யலாம்?" என்று கேட்டிருக்கலாம். எல்லாரையும் ஒன்றாக எழுப்பியிருக்கலாம். ஒருவேளை அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? அப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஊராட்சிச் செயலர் சொன்னார். வீட்டில் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது. மூன்றாவது கூட்டத்துக்குத் தனியாக, பஸ்ஸில் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து நான் செய்தது சரிதான் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதற்கடுத்த மாதம் வீட்டுக்காரரும் கூட வந்தார், பின்னால் உட்கார்ந்தார். நான் வணக்கம் வைத்தேன். அவர் வைக்கவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தீர்மான நோட்டு, ரசீதுகள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒப்படைக்க அவரே வந்திருந்தார். ஒவ்வொன்றாக எண்ணி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்: "அன்னிக்கு கூட்டத்துல நான் செஞ்சது தப்புங்களாம்மா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கூடையிலிருந்து அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பதினேழாம் நம்பர் போஸ்ட் இன்னும் எரியல சார். எழுதிக்குங்க."