பச்சைத் தக்காளியைப் பெட்டியில் பழுக்கப் போட்டதில் கவனித்தவை

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் மாடித் தொட்டிகளில் இருந்து பறித்த காய்களைப் பற்றிய குறிப்பு இது. தொடர் மழையில் செடியிலேயே விட்டால் தோல் வெடிக்கும். செங்காய் ஆனதும் அணில் விடாது. ஆகவே பச்சையில் பறிப்பதில் தப்பில்லை. எந்தப் பச்சையில் பறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பறித்த அன்று

பருமனை வைத்து முடிவெடுக்க முடியாது. விளைந்த காயின் அடிப்பக்கம் வெளிறி வெண்பச்சையாக இருக்கும், தோலில் ஒரு மினுமினுப்பு வந்திருக்கும். பிஞ்சு கரும்பச்சையாக, மங்கலாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயைப் பலி கொடுங்கள்: கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டும்போது விதைகள் கொழகொழப்பில் வழுக்கி விலகினால், அதே கொத்தில் அதே நிறத்தில் உள்ளவை பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் இன்னும் விளையவில்லை. அது பெட்டியில் சிவந்தாலும் வெம்பல்தான், ருசி இருக்காது. அவற்றை அன்றே துவையலுக்கோ கூட்டுக்கோ கொடுத்துவிடலாம்.

காயைக் கழுவ வேண்டாம். வெயில் சூட்டில் இருக்கும் காயைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாக நீரையும் கிருமியையும் உள்ளே இழுக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். மண் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். காம்பு பக்கத்துக் காயைக் குத்தும் என்பதால் கிள்ளிவிடுங்கள். புழுத்துளை, வெடிப்பு, பழுப்புப் புள்ளி உள்ளவற்றுக்குப் பெட்டியில் இடமில்லை.

அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று உரசாமல், காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு அடுக்க வேண்டும். இரண்டு கிலோ காய்க்கு நன்றாகப் பழுத்த ஒன்றிரண்டு பூவன் பழம் போதும். மேலே இன்னொரு தாள், பிறகு லேசாக மூடிய மூடி. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிப் பானையில் புதைப்பது மாங்காய்க்குச் சரி; தக்காளி கசிந்தால் அரிசியும் போச்சு.

முதல் வாரம்

வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுதான் வேலை செய்கிறது. வியாபாரப் பழுக்க வைக்கும் அறைகளிலும் இதே வாயுதான். இந்தியாவில் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. கார்பைடு கல்லுக்குத் தடை; அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். வீட்டில் தொடவே வேண்டாம்.

வாழைப்பழம் போட்ட பெட்டி சில நாள் முந்திக்கொள்ளும், நிறமும் ஒரே சீராக ஏறும். அடியில் இளஞ்சிவப்புக் கீற்று விழுந்த காய்க்கு அதுவும் தேவையில்லை, தன் எத்திலீனைத் தானே விட்டுக்கொள்ளும். 20 முதல் 25 டிகிரியில் விளைந்த பச்சைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், கீற்று விழுந்ததற்கு ஒரு வாரத்துக்குள்.

மோசமான இடம் ஜன்னல் திண்டு. பழுக்க வெளிச்சமே வேண்டாம். வெயில் காயைச் சூடாக்குவதுதான் மிச்சம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் ஏறும். சித்திரை, வைகாசியில் சென்னை வீடுகளில் பெட்டிக்குள்ளும் இதே கதைதான்: பழம் மெத்தென்று ஆகிவிடும், நிறமோ ஆரஞ்சோடு நின்றுவிடும். அறையிலேயே குளிர்ந்த மூலையாக, தரையில் வையுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் பிரச்சினை நேர்மாறு. இரவுக் குளிரில் காய் அசையாமல் கிடக்கும். அடுப்படிதான் அங்கே நல்ல இடம்.

ஃப்ரிட்ஜ் பச்சைக் காய்க்கு ஆகாது. 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த காய், வெளியே எடுத்தாலும் திட்டுத்திட்டாகத்தான் நிறம் மாறும், குழிவிழுந்து கறுத்து அழுகும். முழுக்கச் சிவந்த பிறகு இரண்டொரு நாள் வைப்பதில் பாதகமில்லை.

அதன் பிறகு

தினமும் ஒருமுறை திறந்து பார்த்தே ஆகவேண்டும். புளித்த வாடை வந்தால் எங்கோ ஒன்று கசிந்திருக்கிறது. அதை எடுப்பதோடு, நனைந்த தாளையும் மாற்றி, அக்கம்பக்கத்துக் காய்களைத் துடைத்து வையுங்கள். தோல் சுருங்கினால் காற்று அதிகம். மூடியை இன்னும் மூடலாம். எல்லாம் சிவந்தும் சில காய்கள் மட்டும் பிடிவாதம் பிடித்தால் ரகத்தைப் பாருங்கள்: நாள்பட நிற்பதற்கென்றே உருவாக்கிய சில ஒட்டு ரகங்கள் மெதுவாகத்தான் பழுக்கும். அவற்றுக்குப் புது வாழைப்பழம் மாற்றி இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.